வரவேற்பு மேஜையில் கேட்ட குழந்தை

டெலிபோன் ஆபரேட்டரின் வீட்டுக் குக்கர் அடித்த விசில், வேலை நாட்களில், ஆறு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த ஆபீசின் வரவேற்பு மேஜையில்தான் கேட்டது. வீட்டில் ஆவி மட்டும் வந்தது. பிள்ளை பெற்ற பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆபீசுக்கு வரும் அழைப்புகளெல்லாம் இன்டர்நெட் வழியாக அவள் வீட்டுக்கு வரும். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று முன்பு போலவே தள்ளிவிடுவாள். மேனேஜர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுச் சத்தம் துளிகூட வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது, விழுந்தால் வேலை கிடையாது. கணவன் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த காலம் அது. அவள் சம்பளம் இல்லாவிட்டால் அடுப்பெரியாது. லைன் கொடுக்க வந்த டெக்னீஷியன் ஏதோ இரண்டு பட்டனை அழுத்திவிட்டு, "இனிமே உங்க வீட்டுச் சத்தம் எதுவும் கேக்காதுக்கா" என்றான். சொன்னதைச் செய்யும் ஆட்களே அபூர்வம். அவன் சொன்னதற்கு மேலும் செய்துவிட்டுப் போயிருந்தான். அவள் ஹெட்செட்டை மாட்டியதும் வீடு வாயடைத்துப் போகும். அதன் சத்தமெல்லாம் ஆபீசில் அவள் விட்டுவந்த பழைய போனில் போய் இறங்கும்.

முதலில் அவளுக்கு இது சௌகரியமாகத்தான் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் விடிந்ததிலிருந்து வாய் ஓயாதவள். இப்போது அவள் இடுப்பில் கைவைத்து நின்று பொரிந்து தள்ளுவதெல்லாம் ஊமைப்படமாக ஓடியது. ஆபரேட்டர் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். ஆபீசில் இருந்தவர்கள்தான் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். சோம்பேறி என்று நாத்தனார் திட்டியது யாரை என்று தெரியாமல் கேஷியர் ஒரு வாரம் சீக்கிரமாகவே வேலைக்கு வந்தார். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. மேஜையில் மிக்ஸி ஓடி அடங்கினால் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

குழந்தை விஷயம்தான் அப்படிப் பழகவில்லை. அது தவழ்ந்து வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தும். காதில் விழுந்தால்தானே அவள் திரும்புவாள்? மாதக்கணக்கில் கத்திப் பார்த்துவிட்டு, பிரயோஜனமில்லை என்று கண்டு, அது நிறுத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வாய் திறக்கவில்லை. பசித்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார், திட்டாமல், தணிந்த குரலில் சொன்னாள்: "கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்கன்னு உம் புள்ள முடிவு பண்ணிடுச்சு." அவள் வாயிலிருந்து இப்படி ஒரு குரல் வந்ததைக் கேட்டு, ஆபரேட்டர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாளே டெக்னீஷியனைத் தேடினாள். அவன் எங்கோ வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவன் அழுத்திய பட்டன்கள் எவை என்று யாருக்கும் தெரியவில்லை. வேலையை விடவும் முடியாது. பெற்றவள் பக்கத்திலேயே இருந்தும் பிள்ளை தனியாக வளர்ந்தது.

மழைக்கால வேலைநாள் ஒன்றில் மேனேஜரே லைனில் வந்தார்.

"ஏம்மா, உங்க பொண்ணு இப்ப பேசினா."

அவள் சட்டென்று திரும்பினாள். குழந்தை மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. வாய் அப்போதுதான் மூடியிருந்தது.

"என்ன சார் சொன்னா?"

"அம்மான்னு சொன்னா. சும்மா, சொல்லிப் பாக்கிற மாதிரி."

"எப்படி சார் சொன்னா?"

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் கனத்த குரலை முடிந்தவரை சன்னமாக்கி, "ம்மா" என்றார். மகளின் முதல் பேச்சு ஆபரேட்டரின் காதில் விழுந்தது, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் ஆளின் குரலில். அவள் அழுதாள். மேனேஜர் தன் ரிசீவரைப் பழைய போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, "லைன்லயே இருங்க" என்றார். குழந்தையின் உதடு இன்னொரு முறை அசைந்தது. குரல் ஆறு பஸ் நிறுத்தம் போய், பழைய போனில் இறங்கி, மேனேஜரின் ரிசீவரில் ஏறி, கண் இமைக்கும் நேரம் பிந்தி அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. அவள் "என்னடா தங்கம்?" என்று கையை நீட்டினாள். குழந்தை சிரித்தது. சிரிப்பும் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

அன்றே மேனேஜர் தன் நாற்காலியை வரவேற்பு மேஜைக்கு மாற்றிக்கொண்டார். குழந்தை வாய் திறக்கும்போதெல்லாம் ரிசீவரைக் கொண்டுபோய்ப் பிடித்தார். கடிதங்களில் இடது கையால் கையெழுத்திடப் பழகினார். குழந்தை எதையும் சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. பள்ளியில் சேர்ந்ததும் டீச்சர்கள் அதை நல்ல வளர்ப்பு என்று மெச்சினார்கள். பிறகு கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி, கட்டடத்தைக் காலி செய்தது. மேஜை நாற்காலிகள் பழைய சாமான் விலைக்குப் போயின. ஓய்வுபெற்ற மேனேஜர் வந்து அந்தப் பழைய போனை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போய், ஊரின் மறுகோடியில் தனியாகக் குடியிருந்த வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் ஒரு சிறு பெண் வளர்வதாக அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள். அவரும் இல்லை என்று சொல்வதில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் "அம்மா" என்று கேட்கும். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, தன் வீட்டுப் போனின் ரிசீவரை எடுத்துப் பழைய போனுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார். ஊரின் இந்தக் கோடியில் ஆபரேட்டர் திரும்பிப் பார்க்கிறாள்.