மல்லிகாவின் அம்மா எந்த ஊர்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு கலியாணப் பந்தியில். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மல்லிகா அக்கா, தன் ஏழு வயதில் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஐம்பத்தேழு ஆகஸ்டில் மலாக்கா வீதியெங்கும் கொடிகள்...' [அடித்துவிட்டேன். கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் சந்திரமதி வீட்டுக்குப் போய்ச்சேர நேரமாகிவிடும்.]

2

சந்திரமதி, மல்லிகாவின் அம்மா. கல்யாணமானதும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவள். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, சில நாள் முன்பு ஒரு மத்தியானம் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பள்ளிவிட்டு வந்த மல்லிகா எதிரே உட்கார்ந்தாள். சுதந்திரம் வந்ததும் அவரவர் நாட்டுக்குப் போய்விட வேண்டுமாம். வகுப்பில் யாரோ சொன்னார்களாம்.

சந்திரமதி பொறுமையாகத்தான் விளக்கினாள். வெள்ளைக்காரன் ரப்பர் நட்டான். பால் மரம் வெட்டிப் பாலெடுக்க நம்மவர்களைக் கூட்டிவந்தான். அப்படித்தான் அப்பா வந்தார். அப்பாவுக்காக நான் வந்தேன் என்றாள்.

"அப்ப வெள்ளக்காரன் போறப்ப, கூட்டியாந்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருவானாம்மா?"

[இங்கே ஒரு பக்கத்துக்கு இன வரலாறு முழுவதையும் சந்திரமதி வாயில் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் அப்படிப் பேசுகிறவள்தானா என்று சந்தேகம் வந்தது. அவளுக்குத் தெரிந்த வரலாறு இது: அடித்தட்டில் வந்தவர்களைக் கப்பலிலிருந்து இறக்கித் தொற்றுநோய் முகாமில் அடைத்து, தலையில் மருந்துத் தண்ணீர் ஊற்றினார்கள். மேல்தட்டில் வந்த வெள்ளைக்காரர்களை யாரும் தொடவில்லை. அதை மகளிடம் அவள் சொல்லவில்லை.]

3

மல்லிகா விடவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா எங்கே போவார் என்று கேட்டாள். பொன்னம்மா மலாக்கா செட்டி. கும்பிடுவது மாரியம்மனை, கட்டுவது சாரோங், பேசுவது மலாய். அவர்கள் பல நூறு வருசமாக இங்கேயே இருப்பவர்கள், போக வேண்டியதில்லை என்றாள் சந்திரமதி.

"எத்தன வருசம் இருந்தா போவச் சொல்ல மாட்டாங்க?"

கையிலிருந்த நெத்திலியை அவள்— [வேண்டாம். மீனை வைத்து மௌனத்தைக் காட்ட வேண்டாம்.]

"தெரியலடி."

"நான் இங்க ஆஸ்பத்திரியில பொறந்தவ. நான் இருக்கலாம். நீ?"

4

'எங்கயும் போவ மாட்டேன்' என்று சந்திரமதி சத்தியம் செய்வதாக ஒரு முடிவு எழுதினேன். அன்றைக்கு அவளுக்கே அது தெரியாது. 'அனுப்புனா போவத்தான் வேணும்' என்று இன்னொன்று எழுதினேன். உண்மைதான்; ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மல்லிகா அக்காவையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர், அம்மா என்ன சொன்னார் என்று ஞாபகமில்லை என்றார். பிறகு சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சந்திரமதியை யாரும் அனுப்பவில்லை. காஜா பெராங்கிலேயே வயதாகி இறந்தாள். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாது.

அவளிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?