பதினோராவது ரோஜா

பிளோவ்திவ் நகரத்தில் காதல் நாவல் போடும் ஒரு பதிப்பகத்தில் பதினாறு வருஷமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள் ருமியானா. கண்றாவிப் பிழைப்பு. எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு முரடன். கதவை உடைப்பான், கையை முறுக்குவான், ‘நீ எனக்குத்தான்’ என்று உறுமுவான். அந்தப் பைத்தியக்காரியும் அதற்கு உருகுவாள். கடைசி அத்தியாயத்தில் ஆற்றிலோ மலையிலோ விழுந்து செத்துத் தொலைவாள். அவன் கல்லறையில் அழ, வாசகிகள் மூக்கைச் சிந்துவார்கள். வாக்கியம் எங்காவது நொண்டினால் ருமியானாவே ஒன்று எழுதிச் செருகுவாள். சும்மா கிடைத்த பிரதிகளைத் தங்கை பிலியானாவுக்கு அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்ததும் அவள்தான். அதை நினைத்தால் இப்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிலியானா இரண்டு வாரமாக அக்கா வீட்டில் இருந்தாள், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு. அந்தக் கட்டுக்குக் காரணமான அவள் காதலன் கமென் அன்று மத்தியானம் அவளைக் கூட்டிப்போக வருவதாக இருந்தது. காலையிலிருந்தே அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

“போகாதடி,” என்றாள் ருமியானா, சூடான பானிட்சா அடையை அறுத்துத் தட்டில் வைத்தபடி. “அடுத்த தடவை மணிக்கட்டோட நிக்காது.”

“உனக்குத் தெரியாதுக்கா. போன்ல எப்படி அழுதான் தெரியுமா?”

“அழுவான். உன்னை அடிச்சதுல கை வலிச்சிருக்கும்.”

“‘தழும்பு வைக்காத காதலும் ஒரு காதலா?’ நீ குடுத்த புத்தகத்துலதான் வருது.”

ருமியானா கத்தியைக் கீழே வைத்தாள். “அது நான் எழுதின வரிடி. சாப்பாட்டு நேரத்துல, இந்தப் பக்கம் ஒழிஞ்சாப் போதும்னு கிறுக்கினது.”

“இருக்கட்டுமே. அழகாத்தானே இருக்கு?”

மணி அடித்தது. மழுங்கச் சவரம் செய்துகொண்டு, பதினோரு சிவப்பு ரோஜாக்களோடு நின்றான் கமென். நாவல் அட்டையிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரிதான் இருந்தான், பாவி.

“கிளம்பு பிலி. வண்டியை ரோட்லயே நிறுத்திட்டு வந்திருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டு வரட்டுமா? கட்டைப் பிரிச்சிருவாங்க.”

அவன் சிரிப்பு மாறவில்லை. ஒரு ரோஜாவின் தலையை விரல்களுக்குள் வைத்து நிதானமாகத் திருகினான். அது முறிந்து மிதியடியில் விழுந்தது. “வண்டி நிக்குதுன்னு சொன்னேன்ல?”

பிலியானா முகம் வெளுத்துப்போனது. பூங்கொத்தை வாங்கியவள், உதடு அசைய எண்ணினாள். ருமியானாவும் எண்ணியிருந்தாள். இவளுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவளுக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

“பத்து இருக்கா? உயிரோட இருக்கிறவளுக்கு எவன்டி ரெட்டைப்படையில பூ குடுப்பான்? கல்லறையில வைக்கிற கணக்கு இது. உள்ள வா,” என்றாள் ருமியானா.

“உங்கக்காவுக்கு எதுலயும் பிழை கண்டுபிடிக்கணும்,” என்றான் கமென்.

பிலியானா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மாவுக்கட்டுக் கையால் கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் ஒரு ரோஜாவை உருவி அக்காவிடம் நீட்டினாள்.

“இப்போ ஒன்பது. சரியாப்போச்சா?”

படிக்கட்டில் இறங்கும்போது அவள் சிரிக்கிற சத்தம் மேலே கேட்டது.

மூன்று மாதம்கூட முழுசாக ஓடவில்லை. ‘உயிருக்குயிராய் நேசித்தேன்’ என்று கமென் நீதிபதி முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் அதற்குக் ‘காதல் சோகம்’ என்று தலைப்புப் போட்டான். ருமியானா அதில் காறித் துப்பினாள்.

மார்ச் மாதம் சந்தையில் பூக்காரி கேட்டாள்: “என்ன விசேஷம்?”

“தங்கச்சிக்குப் பிறந்தநாள்.”

பூக்காரி நல்ல மொட்டாகப் பார்த்துப் பதினொன்று எடுத்து, நாடா சுற்றிக் கொடுத்தாள். ருமியானா அதிலிருந்து ஒன்றை உருவி அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். பூக்காரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.