ஒற்றை முடிச்சு

தங்கம் தேடப் போகிறவன் முதலில் இரும்பை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது கலீலுர் ரஹ்மானின் சித்தாந்தம். துபாய் தேராவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார சர்வேயர் ஒருவரிடம் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, விடுமுறை தோறும் புஜைரா மலைப்பக்கம் வறண்ட ஓடைகளில் தங்கம் தேடிக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு சாக்கு நிறைய சோடா மூடி. ஆனாலும் அந்த வித்தைக்கு அங்கே வேறு ஆள் கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பிரபாவதியும் அவள் கணவன் வாசுவும் அவர் கடையில் வந்து நின்றது ஒரு தாலிக்காக.

முந்தைய வெள்ளிக்கிழமை ஆடிப்பெருக்கு. எழுபத்தொன்பதாம் வருஷம் அது சரியாக விடுமுறை நாளில் வந்து விழுந்ததில் பிரபாவதிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தாலிச்சரடு மாற்றும் நாள். தண்ணீர்க்கரையில் மாற்றினால்தான் அவளுக்கு மனசு ஆறும். காவிரிக்கு அங்கே எங்கே போவது? துபாய்க் கடலை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அலையில்லாமல் குளம் போலக் கிடப்பதெல்லாம் ஒரு கடலா என்பாள். வாசுவை நச்சரித்து, மலையைத் தாண்டி புஜைரா கடற்கரைக்குக் காரை விடச் சொன்னாள். கலந்த சாதம் படைத்தாள். புதுச் சரட்டில் தாலியைக் கோத்துக் கழுத்தில் முடியும் நேரத்தில், காரில் உட்கார்ந்திருந்த வாசு ஹாரன் அடித்தான். இருட்டுவதற்குள் மலைப்பாதையைக் கடக்க வேண்டுமென்று அவனுக்கு அவசரம். இன்னொரு தடவை அடித்து, “யல்லா, யல்லா, கிளம்பு” என்றான். மூன்று முடிச்சு போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினாள். மீதியை வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

திரும்பும் வழியில் மசாஃபி என்ற மலையூரில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வெறும் கழுத்து. காரில் துழாவினார்கள், திரும்பிப் போய் டார்ச் வெளிச்சத்தில் மணலை அளைந்தார்கள். கிடைக்கவில்லை.

“கோல்டு சூக் கடைத்தெருவுல அரை மணி நேரத்துல வேற பண்ணிடலாம் பிரபா. தங்கம் ஒரு உலோகம், அவ்வளவுதான்” என்றான் வாசு. அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி; நடுக்கடலில் இருக்கும் எண்ணெய் மேடைக்குப் படகேறினால் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தாலியைத் தொலைத்துவிட்டு அவனைக் கடலுக்கு அனுப்ப அவளால் முடியாது. பிரபாவதி பௌதிகம் படித்த பட்டதாரிதான். படிப்பு வேறு, பயம் வேறு. ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

கலீலுர் ரஹ்மான் சாமான்களை மேஜையில் பரப்பினார். வாசு கம்பெனியிலிருந்து பளபளவென்று ஒரு மண்வெட்டி கொண்டு வந்திருந்தான். அதை அவர் தொடக்கூட இல்லை.

“இத வீட்லயே வைங்க தம்பி. இரும்பு பக்கத்துல இருந்தா மெஷின் அதைத்தான் பாக்கும். இந்தாங்க, பிளாஸ்டிக் மக்கு. மணலை இதுல அள்ளுங்க. இது நைலான் சல்லடை. மூங்கில் குச்சி, நூல்கண்டு. தேடற எடத்தக் கட்டம் கட்டிக்கணும், இல்லேன்னா பாத்த எடத்தையே பாத்துக்கிட்டுக் கெடப்பீங்க. புது பேட்டரி போட்ருக்கேன். ஹெட்போன் அவசியம்.”

“ஸ்பீக்கர்தான் இருக்கே, ஹெட்போன் எதுக்கு?” என்றான் வாசு.

“அலைச் சத்தத்துல கேக்காது தம்பி. சின்னத் தங்கம் முணுமுணுக்கத்தான் செய்யும். கத்தறதெல்லாம் தகரம்.”

அடுத்த சண்டை தட்டுக்கு வந்தது. மெஷினின் தடிக்கு அடியில் மாட்ட இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று தாம்பாளம் அளவு, மற்றது காபி சாஸர் அளவு. பெரியது ஆழமாகப் பார்க்கும் என்று வாசு அதையே எடுத்தான். “பெருசு ஒரே நேரத்துல பத்துச் சாமானப் பாத்துட்டுப் பதறும். குப்பைக்கு நடுவுல பொட்டுத் தங்கம் தேட சின்னதுதான் லாயக்கு” என்றார் கலீலுர் ரஹ்மான். இன்ஜினியர் வாசு கேட்டால்தானே? பிரபாவதி சின்னத் தட்டை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

“கடைசியா ஒண்ணு தங்கச்சி. வாட்ச், பெல்ட்டு, சாவி, வளையல், தோடு, கொண்டை ஊசி, ஊக்கு, ஒண்ணும் உடம்புல இருக்கப்படாது” என்றார். அவள் கழுத்து மஞ்சளைப் பார்த்துவிட்டு, “அது இருக்கட்டும். அது மெஷின் கண்ணுக்குத் தெரியாது” என்றார். அவர் குரல் அப்போது இறங்கியிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கடற்கரையில் குச்சி நட்டு நூல் கட்டினார்கள். அவள் உட்கார்ந்து படைத்த இடம் நன்றாகவே அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த உடைந்த படகு அப்படியே இருந்தது. வாசு பெரிய தட்டை வீசினான். மெஷின் அலறிய அலறலில் நண்டெல்லாம் வளைக்குள் ஓடியிருக்கும். ஆணி, மீன் டின், பெப்ஸி மூடி. வெயில் ஏறி, அவன் சட்டை நனைந்த பிறகு, அவள் கூடையிலிருந்து சின்னத் தட்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கி மாட்டினான்.

அலறல் அடங்கியது. ஆனால் புதிதாக ஒரு தொல்லை. அவள் மக்கும் கையுமாகக் கூடவே நடந்து, “இங்கதான் உக்காந்தேன், இங்க பாருங்க” என்று காட்டுவாள். பீப் என்று அடிக்கும். தோண்டினால் வெறும் மணல். ஓரடி தள்ளிப் போவார்கள். மறுபடி பீப், மறுபடி வெறும் மணல்.

“பாயோட மெஷினும் பாய் மாதிரிதான்” என்று வாசு எரிந்து விழுந்தான். “இல்லாத தங்கத்துக்கு அடிக்குது.”

அவள் தண்ணீர் எடுக்கக் காருக்குப் போனாள். பாதி வழியில் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். திரும்பி அவன் பக்கத்தில் வந்து நின்றதும் பீப் என்றது. குனிந்து தன் காலைப் பார்த்தாள். கிளம்பும்போதே தோட்டைக் கழற்றியிருந்தாள், வளையலைக் கழற்றியிருந்தாள், ஊக்கைக் கூட ஒன்றொன்றாகக் கழற்றியிருந்தாள். மெட்டி ஞாபகத்துக்கே வரவில்லை. கல்யாணமானதிலிருந்து கழற்றாத வெள்ளி அவளுக்கு நகையாகவே தெரியவில்லை, விரலாகத்தான் தெரிந்தது. அவனுக்கும் அப்படித்தான்.

“நீ தள்ளி நில்லு, நான் பாத்துக்கறேன்” என்றான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டம் முழுக்கப் போய் வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? வருஷக்கணக்காக ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற காது அது. வீட்டில் குக்கர் விசிலே அவனுக்குக் கேட்காது. ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“நீதான் கேக்கணும் பிரபா. மெட்டியக் கழட்டணும்.”

“முடியாது” என்றாள் பிரபாவதி. “கழுத்துலயும் இல்ல. கால்லயும் இல்லாம நிக்கச் சொல்றீங்களா?”

உலோகம் என்ற பேச்சை இப்போது அவன் எடுக்கவில்லை. கொதிக்கிற மணலில் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். “அம்மி மேல காலைத் தூக்கி வச்சு இதப் போட்டது யாரு? நான்தானே. நானே கழட்டறேன், நானே போட்டுவிடறேன்” என்றான். மெட்டி வருவேனா என்றது. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒட்டியிருந்த நல்லெண்ணெயை வழித்து அவள் விரலில் தடவித்தான் கழற்ற முடிந்தது.

“கீழ வச்சிடாதீங்க” என்றாள்.

“வைக்க மாட்டேன்” என்று மெட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, காரைத் தாண்டிப் போய் உட்கார்ந்தான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடுவது போலத் தட்டை மணலோடு மணலாக மெல்ல நகர்த்தினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சோடா மூடி கத்தியது, ஒரு தூண்டில் ஈயக் குண்டு கத்தியது. சல்லடையில் போட்டு ஓரமாகக் கொட்டினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். படகின் நிழலோரம் கொசு ரீங்காரம் போல ஏதோ கேட்டது. பிரமையோ என்று நின்றாள். இடமிருந்து வலமாக நகர்த்தினாள், இருந்தது. வலமிருந்து இடமாக நகர்த்தினாள், அங்கேயே இருந்தது. மக்கால் அள்ளிச் சல்லடையை ஆட்டினாள். மணல் இறங்க, மஞ்சள் சரட்டோடு தாலி மேலே தங்கியது.

அவள் அழுதுகொண்டே காருக்கு ஓடினாள். வாசு எழுந்து நின்றான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. அவளை உட்கார வைத்து, மெட்டியைப் போட்டுவிடத் தன் கைவிரல்களைப் பிரித்தான். சிரமப்பட்டுத்தான் பிரிந்தன. உள்ளங்கையில் மெட்டி இறுகப் பதிந்து, வட்டம் வட்டமாகச் சிவந்து கன்றியிருந்தது. வெறும் உலோகத்தை இப்படிப் பிடித்துக்கொள்பவன் உலகத்தில் கிடையாது. பயம் தனக்கு மட்டும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நான் ஹாரன் அடிச்சிருக்கக் கூடாது” என்றான், மெட்டியை அவள் கால்விரலில் மாட்டிக்கொண்டே.

அவள் கழுத்து நூலிலேயே, மஞ்சள் கிழங்குக்குப் பக்கத்தில் தாலியைக் கோத்து அவன் கையில் நூல் முனைகளைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் விரலில் ஒட்டியிருந்த நல்லெண்ணெய்ப் பிசுக்கில் நூல் வழுக்கி, முதல் முடிச்சு விழவே நேரமானது.

“நிதானமாப் போடுங்க” என்றாள் பிரபாவதி. “கார்ல யாரும் இல்ல.”

அவன் மூன்றும் போட்டான்.