கம்பி விட்ட மாடி

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கினார்கள். 2013 மார்ச்சில், கட்டடங்களில் மின்சாரச் சிக்கனம் பற்றிப் பிரச்சாரம் செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரகடம் பக்கம் அறைகளை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். கட்டுரை போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் கதை வேண்டும். கதைக்குள் நான்கு செய்திகள் வர வேண்டும்: மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு நிழல், காற்று எதிரெதிராகப் போய்வர வழி, கூரையில் சூரியத் தகடு. கடைசிப் பத்தியில் வீட்டுக்காரர் மனம் மாற வேண்டும்.

"மனம் மாறுறது எத்தனை வரியில இருக்கணும்?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

பேசிய அம்மையார் யோசித்துவிட்டு, "மூணு வரி போதும் சார்" என்றார்.

2

முதல் தொடக்கம்: "சூரியன் தன் பொற்கதிர்களை ஒரகடத்தின் மீது—"

[வேண்டாம். அந்தச் சூரியனைத்தான் கூரையிலிருந்து விரட்டப் பார்க்கிறோம்.]

இரண்டாவது: "நம் நாட்டுக் கட்டடங்கள் செலவழிக்கும் மின்சாரத்தின் அளவு—"

[இதைப் படித்தால் வீட்டுக்காரர் தூங்கிவிடுவார். இந்தக் கதையில் தூங்க வேண்டியவர் வேறொருவர்.]

மூன்றாவது: சுகப்பிரியா நின்றுகொண்டே தூங்கினாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். நடந்தது என்பதால் மட்டுமல்ல, சின்ன வாக்கியம் என்பதாலும்.

3

சுகப்பிரியா கழுகுமலைப் பக்கத்துப் பெண். வயது இருபது. காருக்குள் போகும் வயர்களைக் கட்டாகக் கட்டி டேப் சுற்றும் தொழிற்சாலையில் ட்ரெய்னி. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வல்லக்கோட்டை சாலையில் இறக்கிவிடும். சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுப்பாள். பத்து மணிக்குக் கூரை தன் வேலையைத் தொடங்கும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை மின்வெட்டு. விசிறி நின்றதும் அவள் எழுந்துவிடுவாள். அன்று இரவு உற்பத்தி லைனில் நிற்கும்போது கண் சொருகும்.

"சூப்பர்வைசர் வந்து மேசையத் தட்டி, கனவுல யாரும்மா வந்தான்னு கேட்டாரு சார். கரண்டு வந்துச்சுன்னேன். அதுக்கு ஒரு மெமோ" என்றாள்.

அதற்கு முன்பே ஒன்று வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் தீப்பெட்டி ஒட்டலாம், இல்லையென்றால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். இரண்டையும் தள்ளிப்போடத்தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னாள்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: அவள் வேலை செய்யும் கட்டடம் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கியது. உள்ளே போய்ப் பார்த்தேன். கூரை வெள்ளை. வடக்குப் பக்கத்து வெளிச்சம் விளக்கில்லாமலே லைன்வரைக்கும் வருகிறது. அவள் விழித்திருக்கும் கட்டடத்துக்குச் சான்றிதழ் உண்டு. தூங்கும் கட்டடத்தை எந்த விதியும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு அது ரொம்பச் சின்னது. தொண்டு நிறுவனம் எனக்குக் காட்டிய, சூரியத் தகட்டுக்கான மானிய விண்ணப்பம் உரிமையாளர் பெயர், மின் இணைப்பு எண், கூரையின் பரப்பு மூன்றையும் கேட்கிறது. கூரைக்குக் கீழே படுப்பவர் யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை.)

4

"கிளியம்மாள் ஒரு பேராசைக்—"

[நிறுத்திவிட்டேன். பார்க்கப் போவதற்கு முன் எழுதிய வாக்கியம் இது.]

கிளியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதும், கிடைத்த பணத்தில் தரைத்தளமும் ஒரு மாடியுமாகப் பன்னிரண்டு அறைகள் கட்டினார். கீழே முன்னறையில் அவர் இருக்கிறார். மேலே மேற்கு ஓரத்து அறை சுகப்பிரியாவுடையது. அதற்கு மேல் மொட்டை மாடி. அடுத்த மாடிக்கான தூண்களுக்காக அங்கே எட்டு இடங்களில் இடுப்புயரத்துக்குக் கம்பி விட்டிருக்கிறது. கம்பி நுனிகளில் தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார், துருப்பிடிக்காமல் இருக்க. அந்த வட்டாரத்தில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் இதைப் பார்க்கலாம். கட்டி முடித்த வீடு என்று ஒன்று அங்கே எனக்குத் தட்டுப்படவில்லை.

நிறுவனம் என்னோடு ஒரு பொறியாளரை அனுப்பியது. பெயர் பகலவன். (நான் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். சூரியத் தகடு வைக்கச் சொல்பவருக்கு இப்படி ஒரு பெயர் வைத்தால் எந்த வாசகரும் என்னை நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும்.)

"தகடு வச்சீங்கன்னா இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும்மா" என்றார் பகலவன்.

"இருபத்தஞ்சு வருசம் என் மாடிய நீ புடிச்சி வச்சிக்கினா நான் எங்க போறது? நெலத்த குடுத்தாச்சு. இனிமே எனக்கு நெலம் மேல தான் கீது" என்றார் கிளியம்மாள்.

நான் குறிப்பேட்டில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது, சுகப்பிரியா படியிலிருந்தே சொன்னாள்: "அதுவரைக்கும் நான் வெந்துருவேன்க்கா."

"தையில மேல ஒரு மாடி போட்டேன்னு வய்யி, உன் ரூம்பு தானா ஜில்லுனு ஆயிடும். அதுவரிக்கும் பொறுத்துக்கமே."

"அப்ப அந்த மாடியில இருக்கப் போறவ?"

"அவளுக்கும் மேல ஒண்ணு போட்டா போச்சு."

வெப்பத்தைப் பற்றி நிறைய ஆவணங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு கொள்கையை எதிலும் பார்த்ததில்லை. அதில் தவறும் இல்லை: அடுத்த மாடி வந்தால் சுகப்பிரியாவின் அறை உண்மையிலேயே குளிரும். சூடு வேறொரு பெண்ணின் பெயருக்கு மாறும், அவ்வளவுதான்.

"வெள்ளை மட்டுமாவது அடிக்கலாமே" என்றேன்.

"தையில கொத்தப் போற தரைக்கு இன்னாத்துக்கு சார் பெயிண்டு?"

பகலவன் மனம் தளரவில்லை. விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்த எட்டுத் தூண் இடங்களிலும் இரும்புக் கால் நிறுத்தி, தலைக்கு மேலே தகடுகளை வைக்கலாம். கரண்டும் வரும், கூரைக்கு நிழலும் கிடைக்கும். தையில் நட்டுகளைக் கழற்றி, மாடி கட்டி, மறுபடி உச்சியில் ஏற்றிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்திருந்தது. கதை இங்கேயே முடியலாம் என்றுகூட நினைத்தேன்.

கிளியம்மாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கயட்டலாம்னு எல்லாரும் தான் சொல்றான். வச்சத எவன் கயட்டிக்கினு போயிருக்கான்?"

பகலவன் வெப்பமானியை எடுத்தார். மேலறைக்குப் போய் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, நாற்பத்தொரு டிகிரி என்றார்.

"மிசினு உன்னுது. நீ சொன்னத தான் அது சொல்லும்."

அப்போது சுகப்பிரியா கோபமே இல்லாமல் சொன்னாள்: "மிசின விடுங்கக்கா. ஒரு மத்தியானம் நீங்க அங்கன போயி படுத்துப் பாருங்களேன்."

"அதுக்கின்னாமே, படுத்தா போச்சு. வெய்யில்ல நாத்து நட்டவ நான்."

5

நான் பார்த்தது இதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு நாங்கள் பார்க்க வேண்டிய வேறொரு வீடு வாலாஜாபாத்தில் இருந்தது, கிளம்பிவிட்டோம். இனி வருவது முழுக்க என் பொறுப்பு.

நிறுவனம் கேட்ட முடிவு: "கிளியம்மாள் கண்கள் கலங்கின. மறுவாரமே மாடியில் தகடுகள் மின்னின. சுகப்பிரியா நிம்மதியாக—" [மூன்று வரிதான். மூன்றிலும் பொய்.]

இன்னொரு முடிவு: மூன்றாவது மெமோ. பெட்டியோடு பெருங்களத்தூரில் அவள் தென்பக்கத்துப் பஸ்ஸுக்கு நிற்கிறாள். [சுலபமாக எழுத வருகிறது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன். அவளை வேலையை விட்டு அனுப்பி எனக்கு ஒரு நல்ல கடைசி வரி கிடைக்க வேண்டுமா?]

ஆகவே கிளியம்மாளை அவர் வார்த்தைக்கே பிடித்துக்கொள்கிறேன். அவரை மேலே அனுப்புகிறேன்.

6

இரவு ஷிப்ட் வாரத்தின் நான்காம் நாள். பகல் பன்னிரண்டு மணி, விசிறி நின்றுவிட்டது. கிளியம்மாள் தலையணையை இடுக்கிக்கொண்டு படியேறுகிறார். மேலறைப் பெண் எங்கே படுப்பாள்? கீழே, கிளியம்மாளின் முன்னறையில். (இந்த இடமாற்றம் எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒருத்தி மேலே போனால் இன்னொருத்தி எங்காவது போயாக வேண்டுமே.)

மேலே என்ன நடந்தது என்று வர்ணிக்கப் போவதில்லை. ஒரு பக்கம் எழுதினேன். சுவரைத் தொட்டது, தலையணையைத் திருப்பிப் போட்டது, வெறுந்தரையில் படுத்துப் பார்த்தது என்று. எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் தோற்பதைப் பக்கத்தில் நின்று ரசிப்பது போல இருந்தது.

இரண்டே காலுக்கு அவர் இறங்கி வருகிறார். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கிறது. தன் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. தண்ணீர்ப் பானை உள்ளே. ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். சுகப்பிரியா வாயைத் திறந்தபடி, கட்டிலிலிருந்து ஒரு கையைத் தொங்கவிட்டு, அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இரவு பத்து மணிக்கு அவள் லைனில் நிற்க வேண்டும். கிளியம்மாளுக்கு மெமோ விஷயம் தெரியும்.

கதவைத் தட்ட அவர் கையை ஓங்குகிறார்.

தட்டினால் அது அவர் வீடு, அவர் கதவு. யாரும் குறை சொல்ல முடியாது. தட்டாவிட்டால், கரண்டு வரும் நாலு மணிவரை அவர் எங்கே நிற்பார்? வாசலில் நிழல் கிடையாது. இருக்கிற இடம் மாடிப்படிதான். அங்கே உட்கார்ந்தால் கண்ணில் படப்போவது மேலே போகும் வழி.

நிறுவனத்துக்கு இதுவரைதான் அனுப்பியிருக்கிறேன். புத்தகம் உங்கள் கையில் இருக்கிறதென்றால், நீங்களும் அறைகளை வாடகைக்கு விடுபவராக இருக்கலாம். அந்தக் கை ஓங்கியபடியே இருக்கிறது. நான் தொடப்போவதில்லை.