குட்டிக்குப் பெரிய போர்வை

சமஸ்தானம் போய் லாயம் கலைந்தபோது, பதினாறு வருஷம் அங்கே குதிரை பார்த்த அடைக்கலத்துக்கு மிஞ்சியது ஒரு குதிரைப் போர்வைதான். வெளியே தண்ணீர் இறங்காத கித்தான், உள்ளே கம்பளி, ஓரத்தில் சிவப்புப் பட்டை. அதன் பிறகு புதுக்கோட்டையில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தான். வண்டிக் குதிரை கிழடு தட்டிவிட்டது. அது படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று ஒரு குட்டியை வாங்கி வளர்த்தான். பத்து மாதக் குட்டி. அதை நம்பித்தான் அவனுடைய நாளைய பிழைப்பெல்லாம்.

ஐப்பசி மழையில் அந்தக் குட்டிக்குச் சளி பிடித்தது. மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, கட்டியே போட்டால் கால் உரம் ஏறாது, பகலில் அவிழ்த்து விடு, ஆனால் முதுகு நனையக் கூடாது என்றார். இது போதாதா அடைக்கலத்துக்கு? அரண்மனைப் போர்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினான்.

அது வளர்ந்த குதிரைக்குத் தைத்தது. குட்டியின் கழுத்தில் தொளதொளவென்று தொங்கியது. பின்னால் முழங்காலைத் தாண்டி இறங்கியது. அவன் மனைவி செவந்தி தையல் தெரிந்தவள். குட்டியின் மார்பிலிருந்து வால் வரை சாண் போட்டு அளந்தாள். புதுச் சாக்கில் அளவாகத் தைத்து, மேலே மெழுகுத்துணி வைக்கலாம், மார்பில் மட்டும் லேசான நூலால் முடிச்சுப் போடலாம், குட்டி எதிலாவது மாட்டிக்கொண்டால் அது அறுந்து விட்டுவிடும் என்றாள்.

"ஏ புள்ள, அறுந்து விழுறதுக்கா போர்வை?" என்றான் அடைக்கலம். "அந்தப் பெரிய போர்வையையாவது வெட்டிச் சின்னதாக்கித் தாரேங்க" என்று அவள் கேட்டதற்கு, அரண்மனைத் துணியில் கத்திரி படக் கூடாது என்று முறைத்தான்.

லாயத்தில் போர்வை நழுவினால் குதிரைக்காரனுக்கு அபராதம். அந்தப் பயம் அவன் கைவிரல்களில் இன்னும் இருந்தது. மிச்சத் துணியை மடித்து உள்ளே செருகி, சணல் கயிற்றை மார்புக்கும் வயிற்றுக்கும் சுற்றி, அவிழவே அவிழாத முடிச்சாகப் போட்டான். லாயத்துக் குதிரை நாலு சுவருக்குள் கட்டுத்தறியில் நிற்கும், இது குளத்தங்கரையில் துள்ளிக் குதிக்கிற பிள்ளை என்பதை அவன் யோசிக்கவே இல்லை. மனுஷனுக்குத் தெரிந்த வித்தையே சமயத்தில் கண்ணை மறைத்துவிடுகிறது.

குட்டியைக் குளத்தங்கரையில் அவிழ்த்து விட்டுவிட்டு ரயிலடிக்குப் போனான். வாடிக்கைக்காரர் ஆதப்பச் செட்டியார் ரயிலில் வருகிறார். ரயில் நேரத்துக்கு வரவில்லை. அடைக்கலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி நின்றான், ஏறி உட்கார்ந்தான், பீடியைப் பற்றவைத்துப் பாதியில் எறிந்தான். கிழக்கே கருத்துக்கொண்டு வந்து மழை பிடித்துக்கொண்டது. போர்வை இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகும் மனசு அடங்கவில்லை.

பக்கத்து ஜட்காக்காரன் ரெங்கராஜ் நனைந்த மூட்டையின் கட்டை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். சனியன், தண்ணி பட்டதும் இறுகிப்போச்சு என்று திட்டினான்.

அடைக்கலம் எட்டிப் பார்த்தான். அதுவும் சணல் கயிறு. லாயத்துப் பதினாறு வருஷத்தில் அவன் கட்டிய ஒரு கயிறும் மழையில் நனைந்ததில்லை. தூரத்தில் ரயில் ஊதியது. செட்டியாரையும் அவர் வாடிக்கையையும் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். பாவம், கிழட்டுக் குதிரையை அன்றைக்கு அடித்து ஓட்டினான்.

குளத்தங்கரைச் சேற்றில் குட்டி விழுந்து கிடந்தது. மடித்துச் செருகிய துணி அவிழ்ந்து, போர்வை வயிற்றுக்குக் கீழே சுருண்டு, பின்னங்கால் ஒன்று அதற்குள் மாட்டியிருந்தது. கயிறு முன்னங்கால் இடுக்கில் சதையை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அது உதைத்துக் காலை முறித்துக்கொள்ளாமல் இருக்க, செவந்தி அதன் தலையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். பிடியை விட்டுக் கத்தி எடுக்கப் போக அவளால் முடியவில்லை.

அடைக்கலம் முடிச்சில் கை வைத்தான். அசையவில்லை. அவன் போட்ட முடிச்சு, அவனுக்கே அசையவில்லை. வண்டியில் குதிரை வாரை அறுக்க வைத்திருந்த பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்தான். காலைச் சுற்றியிருந்த கித்தானையும் கம்பளியையும் சிவப்புப் பட்டையையும் சேர்த்துக் கிழித்தான். துணிக்காக அவனுக்குத் துளியும் வலிக்கவில்லை. குட்டி எங்கே செத்துவிடுமோ என்று வாய்விட்டு அழுதான்.

குட்டி எழுந்தது. நொண்டவில்லை. அடைக்கலம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் அது பிய்த்துக்கொண்டு ஓடியது. அவன் சுற்றிக்கொண்டு போனான், மறுபடியும் ஓடியது. செவந்தி நின்ற இடத்திலிருந்தே நாக்கைச் சொடுக்கினாள். மழையில் நடுங்கிக்கொண்டு அவளிடம் வந்தது.

கொட்டகையில் வைத்து அதைத் துடைத்துவிட்டு, அவன் பேச்சைக் கேட்காமல் தைத்து வைத்திருந்த சாக்குப் போர்வையை எடுத்தாள். புண்ணில் படாமல் போர்த்தி, தோளுக்கும் துணிக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்த்தாள். கை தாராளமாகப் போய் வந்தது. மார்பு நூலை முடிச்சுப் போடப் போகும்போது குட்டி வெடவெடத்துப் பின்வாங்கிக் கட்டுத்தறியில் இடித்துக்கொண்டது. வாசலில் அடைக்கலம் வந்து நின்றிருந்தான்.

"நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போங்க" என்றாள் செவந்தி, கோபமில்லாமல். "நீங்க இருந்தா அது நிக்காது."

லாயத்துப் பதினாறு வருஷத்தில் ஒரு குதிரையும் அவனைக் கண்டு மிரண்டதில்லை. அடைக்கலம் மழையில் இறங்கினான். குட்டியின் கண்ணில் படாதபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டான்.