மரகதத்தின் பதினோரு நகல்கள்

அலுவலக மின்னஞ்சலின் நகலை யார் தன் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டாலும், அந்த நகல் மறுநாள் காலை ஏழு மணிக்குள் அவர் வீட்டுக்கு நேரில் வந்துவிடும். இணைப்பு ஏதாவது இருந்தால் கையில் ஒரு பையும் இருக்கும். கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்யும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவில் மரகதம் வேலை பார்த்தாள். கணபதி என்னும் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்கு இப்படிப் பதினோரு பேர் வந்து தங்கியிருந்தார்கள்.

முதலில் வந்தவர் நெட்டையானவர், கஞ்சி போட்ட சட்டை. கல்லுக்கு அடியில் வைக்கும் வாஷர் மெலிசாக இருக்கிறது, அதனால்தான் மாவில் எண்ணெய் இறங்குகிறது என்று மரகதம் இரண்டு வருடம் கூட்டம் தவறாமல் சொல்லிவந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருநாள் முதலாளி எல்லோருக்கும் ஒரே வரி எழுதினார். அதை அவள் நகலெடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை, பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் நாச்சிமுத்து வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார்.

“மரகதம் சொன்னது சரி,” என்றார் வந்தவர்.

“அது எனக்குத் தெரியுமுங்க. உள்ள வாங்க,” என்றார் நாச்சிமுத்து.

நகல்கள் தங்களுக்குள் எழுதியிருப்பதைத் தவிர வேறு ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதனால் அவர்களோடு குடித்தனம் நடத்துவது சுலபமாகவே இருந்தது. கறிக்குழம்புக்கு உப்புப் போதுமா என்ற பேச்சு வரும்போது மரகதம் நெட்டையானவரைப் பார்ப்பாள், அவர் சொல்வார், பேச்சு முடிந்துவிடும். ‘மூன்று நாள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது’ என்று சொல்லும் குண்டானவர் பெரும்பாலும் ஊஞ்சலில் தூங்கினார். ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, திரும்பியதும் பதில் தருகிறேன்’ என்பவர், யார் கதவைத் தட்டினாலும் முதல் ஆளாகப் போய் நின்றார். பழனியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எழுதிய நன்றிக் கடிதம் வாரத்துக்கு இரண்டு முறை மாவாட்டிக் கொடுத்தார். நாச்சிமுத்துவுக்கு ஆள் கூடக் கூடச் சந்தோஷம். பத்துப் பேரை, அவரவர் சொல்லும் வரியையே பேராகப் போட்டு, ரேஷன் கார்டில்கூடச் சேர்த்துவிட்டார்.

பதினோராவது ஆளைச் சேர்க்க முடியவில்லை. பேராகப் போட அவர் ஒரு வரிகூடச் சொல்ல மறுத்துவிட்டார்.

அவர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு அஞ்சல் தவறுதலாக மரகதத்துக்கு வந்து, நான்கே நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. உதிரிபாகப் பட்டியல் என்று நினைத்து அதற்குள் படிக்காமலேயே அவள் நகலனுப்பிவிட்டாள். மறுநாள் பழுப்பு சஃபாரி உடையில், கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு அவர் வந்தார். நான்கு இட்லி சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

ரகசிய அஞ்சல்கள் அப்படித்தான். தன்னுள் யார் பேர் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பேசும்.

குறை கேட்கும் பிரிவை மூடப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் காய் நறுக்கும்போதெல்லாம் அவர் பக்கம் திரும்பி, “எங்க பிரிவை மூடறாங்களா சார்?” என்று கேட்பாள். அவர் மின்விசிறியைப் பார்ப்பார். அவள் பேரும் அவருக்குள் இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் பயம் பயம்தான். இருபத்திரண்டு வருட வேலை.

இந்தச் சமயத்தில்தான் கணினிக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து அறிவிப்பு வந்தது. வீடுகளில் தங்கியுள்ள நகல்கள் நேரில் எண்ணப்படும். ரகசிய நகல் வைத்திருப்பவர் அன்றைக்கே வேலையை விட்டு நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெபசிங் வந்தார். கண்காணிப்பு அதிகாரி, நாகர்கோவில்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பதிவேடு.

“நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, திரும்பியதும் பதில் தருகிறேன்,” என்று கதவைத் திறந்தவர் சொன்னார்.

“சரி,” என்று எழுதிக்கொண்டு ஜெபசிங் உள்ளே வந்தார்.

நாச்சிமுத்து ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார். ஜெபசிங் பத்துப் பேரையும் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குடும்ப உறுப்பினர்கள் நகல் கணக்கில் வரமாட்டார்கள் என்று விதியிலேயே இருந்தது. பிறகு சஃபாரி உடைக்காரரிடம் வந்தார்.

“இவர் பேரு?”

“சொல்ல மாட்டாருங்க சார்,” என்றாள் மரகதம்.

“எத்தனை நாளா?”

“மூணு மாசமுங்க.”

ஜெபசிங் பேனாவை மூடினார். “பேசாதவர்னா ரகசியம்தாம்மா.”

“ஆமாங்க சார்.”

“அனுப்பிக்கிட்டது நீங்கதானே?”

“நான்தானுங்க. படிக்காமயே அனுப்பிட்டேன்.”

“படிச்சீங்களான்னு படிவத்துல கேக்கல,” என்றார் அவர், வருத்தமாக. பேனாவை மறுபடி திறந்தார்.

மரகதம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள். நெட்டையானவர் தன் வரியைச் சொன்னார். அது அந்த நேரத்துக்கு உதவவில்லை.

எழுதுவதற்காக ஜெபசிங் குனிந்தபோது, அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டை முன்னால் தொங்கியது. சஃபாரி உடைக்காரர் அதைக் கையில் பிடித்து இரண்டு முறை படித்தார். தொண்டையைக் கனைத்தார். மூன்று மாதமாகப் புழங்காத குரல், கொஞ்சம் கரகரத்தது.

“ரகசியம். கண்காணிப்புப் பிரிவு ஜெபசிங் கேட்ட நாகர்கோவில் மாற்றல் அனுமதிக்கப்பட்டது. எண்ணும் வேலை முடியும்வரை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம். உத்தரவு இணைப்பில்.”

பிறகு கக்கத்துப் பையைத் திறந்து உத்தரவை நீட்டினார்.

ஜெபசிங் அதை நின்றபடியே படித்தார். பிறகு குண்டானவரின் ஊஞ்சலில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். மாற்றல் கேட்டு அவர் பதினான்கு விண்ணப்பம் எழுதியிருந்தார். நாச்சிமுத்து காபி கொண்டுவந்து கொடுத்தார்.

“ஊர்ல யாருங்க இருக்காங்க?”

“வீட்டுக்காரி. மேபல்னு பேரு. ஒரு பொம்பளப் பிள்ளை பெறந்து நாலு மாசம் ஆச்சு. போன்லதான் பாத்திருக்கேன்.”

“எங்க பிரிவைப் பத்தி அதுல ஏதாவது இருக்குதுங்களா சார்?” என்று மரகதம் கேட்டாள்.

ஜெபசிங் தாளைத் திருப்பிப் பார்த்தார். “உங்க பிரிவு பேரே இல்லம்மா. மூடணும்னா மொதல்ல உங்க கம்ப்யூட்டர எண்ணி எடுக்கச் சொல்லி எங்களுக்குத்தான் வரும். ஒண்ணும் வரல. உங்களுக்குப் புதுசா ரெண்டு கேட்டிருக்காங்க.”

மரகதம் சிரித்தாள். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் இருந்தது இறங்கிவிட, சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பழனிக்காரரும் சேர்ந்து, “மிக்க நன்றி, இட்லி பூவாக வருகிறது,” என்றார்.

பதிவேடு ஊஞ்சலில் திறந்தே கிடந்தது. ஜெபசிங் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுதினால் இந்த அம்மாவுக்கு வேலை போய்விடும். எழுதாமல் விட்டால் பதினோரு பேரில் ஒருவர் குறைவார். அவருக்குக் கணக்கைத் தவறாக எழுதிப் பழக்கமில்லை. கடைசியில் நிதானமாக எழுதி, மரகதத்துக்கும் படித்துக் காட்டினார்.

“பதினோராமவர் ஜெபசிங்கின் சொந்த அஞ்சல். வழி தவறி இங்கே தங்கியிருந்தார். உரியவர் வந்து அழைத்துச் சென்றார்.”

“பொய் ஒண்ணும் இல்லீங்களே,” என்றார் நாச்சிமுத்து.

“ஒண்ணும் இல்ல.”

அப்போது அலுவலகத்திலிருந்து ஜெபசிங்குக்குப் போன் வந்தது. அவர் அதைக் கதவைத் திறந்தவரிடம் கொடுத்தார். அவர் தன் வரியைச் சொல்லி வைத்துவிட்டார். குண்டானவர் தூக்கத்திலிருந்து எழுந்து, “மூன்று நாள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது,” என்றார். ஜெபசிங் அதையும் குறித்துக்கொண்டார்.

பதினோரு மணி நாகர்கோவில் பஸ்ஸில் நாச்சிமுத்து ஜன்னலோரமாக இரண்டு இருக்கை பிடித்துக் கொடுத்தார். வீடே வழியனுப்ப வந்திருந்தது. மரகதம் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். சஃபாரி உடைக்காரர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பேர் தன்னுள் இல்லாததால் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நகர்ந்ததும் ஜெபசிங்கின் காதருகே சாய்ந்து, “மாற்றல் அனுமதிக்கப்பட்டது,” என்று மறுபடி ஆரம்பித்தார். ஜெபசிங் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை மரகதம் லிஃப்டில் ஏறினாள். அது இரண்டாம் மாடியிலிருந்து நேராக நான்காம் மாடியில் போய் நின்றது. கண்காணிப்புப் பிரிவு இருந்த மூன்றாம் மாடி அங்கே இல்லை.

“ஜெபசிங் சாரோட மாற்றல் உத்தரவுல ‘தன் தளத்துடன்’னு இருந்துச்சுங்களாம்,” என்றார் காவலாளி. “நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடி கெளம்புச்சுங்க. வெளிய போற நோட்டுல எழுதி, கையெழுத்தும் வாங்கியாச்சு.”

மரகதத்தின் ஜன்னல் ஒரு மாடி கீழே இறங்கியிருந்தது. இதுவரை தலை மட்டும் தெரிந்த தூங்குமூஞ்சி மரம், இப்போது பூத்த கிளை ஒன்றை அவள் மேசைவரை நீட்டியிருந்தது. அவள் நாற்காலியைச் சற்று நகர்த்திக் கிளைக்கு இடம் விட்டு, அன்றைய முதல் குறையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.