சுகிர்தாவின் ஐந்து கண் பலகை

பஸீஹா மிஸ் ரோபோவை மேசையில் கவிழ்த்துப் போட்டு, அடியில் பூட்டியிருந்த மின்சுற்றுப் பலகையை டோர்ச் அடித்துப் பார்த்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த இளம் என்ஜினியர் அவர். போட்டிக்கு வந்த ரோபோக்கள் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது அன்றைக்கு அவருடைய வேலை.

"எந்தக் கடையில வாங்கின போர்ட் இது? நல்லா இருக்கே."

சுகிர்தாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "வாங்கல மிஸ். நான் செஞ்சது" என்றாள்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் படிக்க வருகிற பிள்ளை அவள். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ரோபோ தானாக ஓட வேண்டும், அதுதான் போட்டி. கடைப் பலகைக்கு வெளிச்சத்தை உணரும் கண் மூன்றே. வளைவு கொஞ்சம் ஒடுங்கினால் கோட்டைக் கோட்டை விட்டுவிடும். சுகிர்தா ஐந்து கண் வைத்தாள். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஈயம் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டதற்குக் கணக்கில்லை. விதிப் புத்தகத்தையும் அகராதி வைத்து வரிவரியாகப் படித்திருந்தாள். மாணவர் தாமே செய்த மின்சுற்றுக்கு அனுமதி உண்டு. அந்தச் சுற்று பார்க்கலாம், அளக்கலாம், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. படிவத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். செய்தவரே மூன்று நடுவர்கள் முன்னால் விளக்கவும் வேண்டும். அதற்காக ஒரு மாதமாகத் தேயிலை மலைக்கு நடுவே தனியாகப் பேசிப் பேசிப் பழகியிருந்தாள். பலகை தன் பெயரோடு ஓட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

பஸீஹா மிஸ் படிவத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

"இதுல எல்லாமே கடையில வாங்கினதெண்டு எழுதியிருக்கு. சொந்தமாச் செஞ்சது ஒண்டும் இல்லையாம். கீழ இருக்கிறது உங்கட கையெழுத்துத்தானே?"

அவளுடையதுதான். மடுல்கெல்ல பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் பின்னேர எழுத்து வேலை எதற்கும் அவள் நின்றதில்லை. டவுன் பிள்ளைகள் எழுதுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முன்கூட்டியே கையெழுத்து வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தப் பாடசாலையில் அது சட்டம் மாதிரியே ஆகியிருந்தது. அணித் தலைவி லோஜினி தரம் ஆறிலிருந்து அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், ஒரே சாப்பாட்டுப் பெட்டி. "நீ சைன வச்சிட்டு ஓடு புள்ள, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று அவள் சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? வெற்றுப் படிவத்தில் வைத்துவிட்டு ஓடினாள்.

"லோஜினிதான் மிஸ் நிரப்பினா. சொல்லு லோஜி."

பக்கத்தில் நின்ற லோஜினி ரோபோவின் சக்கரத்தை இன்றைக்குத்தான் காண்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகிர்தா சொன்னததான் மிஸ் எழுதினேன்."

சுகிர்தா பொறுப்பாசிரியர் சதீஸ்குமார் சேரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பற்றவைத்த ஒவ்வொரு கம்பியையும் பார்த்தவர் அவர். மெதுவாகக் குனிந்து அவள் காதில் சொன்னார்: "தெரியாம நடந்திருச்சின்னு ஒத்துக்க. இல்லாட்டி முழு டீமையும் வெளிய போட்ருவாங்க."

"நான் செய்யாததுக்கு ஒத்துக்க மாட்டேன் சேர்" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி.

பஸீஹா மிஸ் பலகையை அவள் பக்கம் தள்ளினார். "இது எப்பிடி வேலை செய்யும்?"

சுகிர்தா சொன்னாள். வெள்ளைத் தரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். எந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வரவில்லையோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மோட்டார் வயருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மூச்சு விடாமல், ஓரிடத்திலும் திக்காமல் சொன்னாள்.

"செஞ்சது நீங்கதான், எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் மிஸ். "படிவத்துல போட்டிருந்தா அப்பிடியே பாஸ் பண்ணியிருப்பேன். ஆனா கையெழுத்து உங்கடது. இந்த போர்டைக் கழட்டிட்டுக் கடை போர்டோட டீம் ஓடலாம். நீங்க களத்துக்குள்ள போக ஏலாது."

கழற்றிய பலகையோடு வெளியே வந்தவள் நடைபாதையில் லோஜினியை மறித்தாள்.

"ஏன்டி அப்படி எழுதுன?"

"சொந்தமாச் செஞ்சதுன்னு எழுதினா மூணு நடுவர் உன்னக் கூப்புட்டுக் கேள்வி கேப்பாங்கன்னு போட்டிருந்திச்சி. நீ திக்குவ. எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

"இப்ப திக்கினேனா?"

லோஜினி களத்தைப் பார்த்து நடந்தாள். அந்தப் பலகையைத் தான் செய்ததாக அவள் பெருமையடித்திருந்தால்கூட சுகிர்தாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பொறாமை என்று திட்டித் தீர்த்திருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் இத்தனை வருடமும் தன்னை நாலு பேர் முன்னால் நிறுத்த லாயக்கில்லாதவள் என்று எண்ணியிருக்கிறாள். பாவி!

சுகிர்தா பார்வையாளர் பகுதியில் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். கீழே களத்தில் லோஜினி கடைப் பலகையைப் பூட்டினாள். மண்டபத்து வெளிச்சத்துக்கு ஏற்ப அதில் ஒரு சின்ன ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். ஐந்து கண் இருக்கும்போது இது எதற்கு என்று அணியில் வேறு யாரும் அதைப் பழகவில்லை.

"சுகி! ஸ்குரூவ எந்தப் பக்கம் திருப்பணும்? உனக்குத் தெரியுந்தானே?" லோஜினி அங்கிருந்தே கத்தினாள்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"தெரியும்" என்றாள் சுகிர்தா. "சொல்ல மாட்டேன்."

ரோபோ முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவதில் கோட்டை விட்டு விலகிப் களத்தின் ஓரச் சுவரில் முட்டி நின்றது.

முன் வரிசையில் சதீஸ்குமார் சேர் மற்றப் பிள்ளைகளிடம், "தெரிஞ்சும் வேணும்னே சொல்லாம இருந்துட்டா பாருங்க" என்றார், அவளுக்குக் கேட்கட்டும் என்றே. சுகிர்தா மறுக்கவில்லை. காலையிலிருந்து அவளைப் பற்றி அவளுடைய ஆட்கள் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.